கழுத்தை அளந்த மஞ்சள் கயிறு

என் கழுத்து பெருத்துவிட்டதை முதலில் கண்டுபிடித்தது நானும் இல்லை, வைத்தியரும் இல்லை. என்னுடைய அட்டியல்தான் கண்டுபிடித்தது.

திருவிதாங்கூரைப் பொன்னுதம்புரான் ஆண்ட காலம் அது. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, பெருவழியை விட்டு வயல் வரம்பில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் எங்கள் வீடு. எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். வீட்டில் நான், என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா என்று மூன்றே பேர். அவர் நிலவரி பார்க்கிற பகுதிக் கச்சேரியில் எழுத்து வேலை பார்த்தார். நான் நாலாம் வகுப்பு வரை படித்தவள். முருகனைக் கும்பிடவும் சோறு பொங்கவும் அந்தப் படிப்பு தாராளமாகப் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆவணி மாதத்தில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டோம். அட்டியல் என் அம்மா வீட்டுச் சீர். கழுத்தோடு ஒட்டிக் கிடக்கும் பட்டைப் பொன், பின்பக்கம் ஒரு கொக்கி. எப்போதும் அத்தைதான் மாட்டிவிடுவார்கள். அன்றைக்குக் கொக்கி வளையத்துக்கு எட்டவில்லை.

"பிள்ளே, மூச்சைப் பிடி."

"பிடிச்சாச்சு அத்தே."

"இன்னும் கொஞ்சம் பிடி. செத்தா போயிருவே?"

பிடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர, கொக்கி மாட்டவில்லை. அத்தைக்குக் கோபம் தட்டான் மேல் போயிற்று. "எளவெடுத்தவன், பொன்னைச் சுருங்க வச்சிட்டானாக்கும்!"

வாசலில் வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "பொன்னு எங்கயாவது சுருங்குமா அம்மா? வேற ஏதோ பெருத்திருக்கு. முன்பக்கம் பாருங்க."

அத்தை என்னை வெளிச்சத்துக்குத் திருப்பி, தாடையை நிமிர்த்தி, தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தார்கள். "இதென்ன மக்களே, முழு அடைக்காயை முழுங்கி வச்சிருக்கியா?"

பாக்களவில் ஒரு முழை, கட்டி மாதிரி. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. எத்தனை நாளாக இருந்ததென்று எனக்கே தெரியவில்லை. என் வீட்டுக்காரர் கிட்டே வந்து கொக்கிக்கும் வளையத்துக்கும் உள்ள இடைவெளியைக் குனிந்து பார்த்து, "ரெண்டு நெல்லு இருக்கு" என்றார். ஒரு நெல்மணியின் அகலத்தை ஒரு நெல் என்பார் அவர். வயல் வரம்பானாலும் வாழைக்கன்றானாலும் அவருக்கு அளந்துவிட்டுத்தான் பேச்சு வரும்.

அட்டியலைக் கழற்றி அத்தை முருகன் படத்துக்குக் கீழே உள்ள பெட்டியில் வைத்தார்கள். "இந்தக் கழுத்து சொஸ்தமாகாம இனி இதை வெளிய எடுக்கமாட்டேன்" என்று படத்தைப் பார்த்தே சொன்னார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் அது சொன்னதுதான்.

பிறகு ஒரு மாதம் பூச்சும் பற்றும் நடந்தது. ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். பக்கத்து வீட்டு அக்கா பாம்புச் சட்டையை நூலில் கோத்துக் கட்டச் சொன்னாள். "நீயே முதல்ல கட்டிப் பாரு" என்றேன். அவளுக்குக் கழுத்தில் ஒன்றுமில்லையாம், கட்டினால் வீணாம். புரட்டாசியிலும் முழை கரையாததால், என் வீட்டுக்காரர் வில்வண்டி பேசி, என்னையும் அத்தையையும் நெய்யாற்றின்கரை ஆசுபத்திரிக்கு அழைத்துப் போனார்.

டாக்டர் மலையாளத்துக்காரர். எங்களுக்காகத் தமிழைத் தேடித் தேடிப் பேசினார். ஒரு தம்ளர் தண்ணீரைக் கொடுத்து மெதுவாகக் குடிக்கச் சொல்லி, என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கும்போது முழையும் கூட ஏறி இறங்கியதாம். பிறகு கையை நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்தார். காகிதம் நடுங்குகிறதா என்று பார்க்கத்தான் அது. அவர் மந்திரம் போடுகிறார் என்று நினைத்து அத்தை கை கூப்பிவிட்டார்கள்.

"நெஞ்சு படபடப்பு உண்டா? வெறுதே வியர்க்குமா? உறக்கம் உண்டா?" என்று கேட்டார்.

"உறக்கமா?" என்றார் என் வீட்டுக்காரர். "விடிஞ்சு எழுப்பணும்னா ரெண்டு ஆளு வேணும்."

டாக்டர் சிரித்தார். "அப்போ இது சாது இனம். பேடிக்க வேண்டா, பயம் வேண்டா அம்மே. இந்தக் கழுத்தில் எல்லார்க்கும் ஒரு சின்ன சுரப்பி உண்டு, ரெண்டு சிறகு விரிச்ச பூச்சி போலே. உடம்புக்கு வேண்டிய ஒரு சத்தை அது பண்ணித் தரணும். அதுக்கு உள்ள சாமான் கிட்டலைன்னா, பாவம், கூடுதல் பணி செய்து செய்து வீங்கும். அவ்வளவுதான்."

எனக்கு அந்தச் சுரப்பியின் மேல் இரக்கமே வந்துவிட்டது. அரிசி இல்லாத வீட்டில் அடுப்பை ஊதிக்கொண்டே இருக்கும் ஒருத்தி மாதிரி அல்லவா அது என்று நினைத்தேன்.

குடிக்க ஒரு மருந்து, பூச ஒரு சிவப்புக் களிம்பு. மருந்தின் சாரம் கடல்பாசியைச் சுட்ட சாம்பலிலிருந்து எடுப்பதாம். கடல் என்ற சொல்லைக் கேட்டதும் அத்தை எழுந்து நின்றுவிட்டார்கள். "மீனு கீனு சேருமா?"

"மீன் தின்னுகிற ஆட்கள் என்றால் கடல்மீன் தின்னச் சொல்லியிருப்பேன். கோட்டுகால் பக்கம் கடலோரத்தில் இந்த வீக்கம் நான் கண்டது குறைவு."

"சிவ சிவா!" அத்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்கள்.

"இது மீன் இல்லை அம்மே. பாசி செடியாக்கும்."

அத்தை வாசல் வரை யோசித்தார்கள். வண்டியில் ஏறிய பிறகுதான் தீர்ப்புச் சொன்னார்கள். "கடல்ல கிடந்தாலும் செடி செடிதான். தாமரையும் மீனோடதான் குளத்தில கிடக்கு. அதைச் சாமிக்கு வைக்கல்லியா? குடி பிள்ளே."

ஆனால் புறப்படும் முன் டாக்டர் இன்னும் சில சொன்னார். முழையை அழுத்தவோ தடவித் தேய்க்கவோ கூடாது. கழுத்தை இறுக்கி எதையும் கட்டக்கூடாது. களிம்பை வாரத்துக்கு இரண்டு நாள் காலையில் பூசி, கழுத்துக்கு இளவெயில் காட்ட வேண்டும். அதற்கு மேல் கூடாது. விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தால் அன்றைக்கே வண்டி கட்டிவிட வேண்டும். வாரம் ஒரு நாள் கழுத்தை அளந்து வைக்க வேண்டும். மூன்று மாதத்தில் குறைந்தால் சரி. கூடிக்கொண்டே போனால் திருவனந்தபுரத்தில் பெரிய டாக்டரிடம் காட்டி அறுத்து எடுக்க வேண்டியிருக்கும்.

அறுப்பது என்றதும் எனக்கு வந்த பயம் உயிரைப் பற்றியதல்ல. "அறுத்தா பேச்சு வருமா?" என்று கேட்டேன்.

அவர் உண்மையைச் சொன்னார். "மிக்கவாறும்... பெரும்பாலும் வரும். பேச்சுக்கு உள்ள நரம்பு பக்கத்தில் கூடிப் போகுது. ஒறப்பாச் சொல்ல என்னால் முடியாது."

என் குரலைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அழகான குரல் என்று சொன்னால் முருகனுக்கே அடுக்காது. பெரிய குரல். எங்கள் வயல் வீட்டிலிருந்து மூன்றாம் வரம்பில் முடிகிறது. அங்கே நிற்கிற ஆளை அடுக்களையிலிருந்தே சோற்றுக்கு அழைப்பேன். சாயங்காலம் விளக்கேற்றி முருகன் பாட்டுப் பாடினால் பக்கத்து வீட்டு அக்கா தன் வீட்டில் விளக்கே ஏற்றமாட்டாள். "நீ பாடினாப் போதும் பிள்ளே, ரெண்டு வீட்டுக்கும் சேத்து புண்ணியம்" என்பாள். பணத்தாலோ படிப்பாலோ முருகனுக்குச் செய்ய என்னிடம் ஒன்றும் கிடையாது. இருந்தது அந்தச் சத்தம் ஒன்றுதான்.

வண்டியில் வரும்போது என் வீட்டுக்காரர் சொன்னார்: "சத்தத்தைக் கொறைக்கப் போறோம்னு சொன்னா ஊருக்காரனுவளே திருவனந்தபுரத்துக்கு வண்டி கட்டித் தருவானுவ." நான் சிரித்தேன். ஆனால் அவர் சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வீடு வரும் வரை என் பக்கம் திரும்பவில்லை.

அளக்க ஒரு தையல் நாடா வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டர். அத்தை ஒப்பவில்லை.

"தாலி கிடக்கிற கழுத்தாக்கும். கண்டவன் இடுப்பை அளந்த நாடாவை அதில போடவா?"

புது நூல் வாங்கி, ஏழு இழை சேர்த்து முறுக்கி, இரண்டு நுனியிலும் மஞ்சளைத் தொட்டுவைத்து, முருகன் படத்துக்கு முன் வைத்து எடுத்தார்கள். என் கழுத்தைச் சுற்றி, இரண்டு பக்கமும் சேர்கிற இடத்தில் பக்கத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டார்கள். அடுத்த வாரம் முடிச்சோடு முடிச்சு சேர்ந்தால் கழுத்து அப்படியே இருக்கிறது, ஏறிப் போனால் குறைந்திருக்கிறது, எட்டாமல் போனால் பெருத்திருக்கிறது என்று கணக்கு. என் வீட்டுக்காரர் கச்சேரிப் புத்தியில், "ஆதாரம் ஒண்ணு போதாது" என்று சொல்லி, கயிற்றை நீட்டிவைத்து அதே நீளத்துக்கு ஒரு பனையோலை நறுக்கை வெட்டி, நாளும் எழுதி, கூரை இறவாணத்தில் செருகினார். செருகியதோடு மறந்தும் போனார்.

மருந்து தொடங்கியது. இரும்பை நக்கியது போல ஒரு ருசி. களிம்பு நாட்களில் நான் முற்றத்தில் பலகை போட்டு, தலையை அண்ணாந்து, தொண்டையை வெயிலுக்குக் காட்டி உட்கார்ந்திருப்பேன். சிவப்புக் களிம்பும் நானுமாக எப்படி இருந்திருப்பேனோ! பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்ன பிள்ளே, சூரியனுக்குக் கழுத்தைக் காணிக்கை வச்சிருக்கியா?"

"பேசாத அக்கா. சிரிச்சா தோலு இழுக்குது."

"கோழிகூட இப்பிடி நீட்டித் தராது."

"அத்தே! இவளை அனுப்புங்க!" என்று கத்தினேன். தோல் இழுத்தது. ஆனால் கத்த முடிந்ததே என்று உள்ளே ஒரு சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை அளவு நாள். விடிந்ததும் அத்தை குளித்து, கயிற்றை முழுக்க மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, பிச்சிச் செடியின் மேல் காயப்போட்டு, காய்ந்ததும் படத்தின் முன் வைத்து எடுப்பார்கள். முதல் நாள் அவசரத்தில் நுனிக்கு மட்டும் மஞ்சள் தொட்டது அவர்களுக்குக் குறையாக இருந்தது. அந்தக் குறையைத் தீர்க்க ஒவ்வொரு வெள்ளியும் நனைத்தார்கள்.

முதல் வெள்ளி முடிச்சு எட்டவில்லை. "ஒண்ணரை நெல்லு" என்றார் என் வீட்டுக்காரர்.

"தொடக்கந்தானே" என்றார்கள் அத்தை.

அடுத்த வெள்ளி இரண்டு. அதற்கடுத்தது இரண்டுக்கும் கொஞ்சம் மேலே. ஐப்பசி முடியும்போது இரண்டரையில் போய் நின்றது. கண்ணாடியில் பார்த்தால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தினமும் பார்க்கிற முகத்தில் என்ன தெரியும்? ஒரு நாள் என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துவிட்டு, "எனக்கென்னமோ கொஞ்சம் வத்தின மாதிரி இருக்கு" என்றார். உடனே அவரே தலையை ஆட்டிக்கொண்டார். "இல்ல. கண்ணு பாசத்தில பாக்கும். கயிறு பாசம் பாக்காது."

இப்படித்தான் மூன்று பேரும் கண்ணை விட்டுவிட்டுக் கயிற்றை நம்பினோம்.

பயத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன். வாரத்துக்கு இரண்டு தரம் பூசுகிற களிம்பை நாலு தரம் பூசினேன். தோல் வெந்து கொப்பளித்தது. என் வீட்டுக்காரர் ஆசுபத்திரிக்கு நடந்து போய்ச் சொல்லிவிட்டு, டாக்டரின் ஏச்சை அப்படியே வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் ஒப்படைத்தார். "களிம்பு என்னா சாம்பாரா, கூட ஒரு கரண்டி ஊத்திக்கிறதுக்குன்னு கேக்காரு. பத்து நாள் பூசவேண்டாம். குடிக்கிற மருந்தை மட்டும் விடாதேன்னாரு. அளவு என்னான்னும் கேட்டாரு. கூடுதுன்னு சொன்னேன். அப்போ மார்கழியில திருவாதிரை கழிஞ்சு வாங்க, திருவனந்தபுரத்துப் பெரிய டாக்டருக்கு எழுத்துத் தாறேன்னாரு."

வெண்ணெய் தடவிக்கொண்டே அத்தை என்னை ஏசினார்கள். ஏசிக்கொண்டே அழுதார்கள்.

கார்த்திகையில் நான் ஒரு யோசனை செய்தேன். பேச்சுப் போய்விட்டால் எப்படிக் குடும்பம் நடத்துவது என்று இப்போதே பழகிக்கொள்ளலாமே! ஒரு நாள் காலையிலிருந்து வாயைத் திறப்பதில்லை என்று முருகனிடம் சொல்லிவிட்டு எழுந்தேன். அத்தையிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்கு வெந்நீர் தயார் என்று கையால் காட்டினேன். அவர் வயிற்றுவலியா என்று கேட்டு ஓமம் எடுத்துக்கொண்டு வந்தார். உப்பு வேண்டும் என்று காட்டினேன். அத்தை விசிறி தந்தார்கள். அவர் கச்சேரிக்குப் போனபின், பசு கயிற்றை அறுத்துக்கொண்டு மரச்சீனிக் கிழங்கு போட்ட விளைக்குள் புகுந்தது. கை தட்டினேன். பசு ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு இலையைக் கடித்தது. முந்தானையை வீசினேன். அதற்கு அது வாலை வீசியது. ஒரு மூடு செடி, இரண்டு மூடு, மூன்றாம் மூட்டில் வாய் வைத்தபோது என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஏ பசுவே! அடி மகாபாவி! போறியா இல்லியா!"

பசு ஓடிய ஓட்டத்தில் வேலியும் கூடப் போயிற்று. அத்தை ஓடி வந்தார்கள். "காலையிலேருந்து ஊமையா திரிஞ்சியே, என்ன பிள்ளே?" என்றார்கள். சொன்னேன். அவர்கள் மரச்சீனி விளையின் நடுவிலேயே என்னைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பிறகு, "இனி பழகாத மக்களே. நீ பேசாம இருந்தா இந்த வீட்டில எனக்குப் பயமா இருக்கு" என்றார்கள்.

மார்கழித் திருவாதிரை வந்தது. மறுநாள் ஆசுபத்திரிக்குப் போய் எழுத்து வாங்கி, அப்படியே திருவனந்தபுரம் போவதென்று முடிவு. வண்டி பேசியாகிவிட்டது. என் வீட்டுக்காரர் லீவு வாங்கிவிட்டார். புறப்படுகிற அன்று காலையில் அத்தை குளித்து ஈரப்புடவையோடு வந்து, முருகன் படத்துக்குக் கீழே உள்ள பெட்டியைத் திறந்தார்கள்.

"சொஸ்தமாகாம எடுக்கமாட்டேன்னு சொன்னீங்களே அத்தே?"

"சொன்னேன். இப்ப அவனுக்கே குடுக்கத்தான் எடுக்கேன். கேக்கிறானா பாப்போம். குமாரகோவில் முருகா, எனக்க பிள்ளைக்க சத்தம் போகாம காப்பாத்தினா இந்த அட்டியல் உனக்கு. உக்காரு பிள்ளே."

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நகையை நேர்ச்சையாகக் கொடுப்பதென்றால் பெட்டியில் இருந்து எடுத்து அப்படியே கொடுக்கக் கூடாது. உடம்பில் போட்டு, உடம்பிலிருந்து கழற்றி, முடிந்துவைக்க வேண்டும். அப்போதுதான் கொடுப்பவர் மேல் உள்ள குறை நகையோடு போகும் என்பார்கள். என் கழுத்துக்குத்தான் அது பற்றாதே! அதனால் அத்தை கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவே கட்ட ஒரு துண்டு நூலும் கையில் வைத்திருந்தார்கள்.

நான் படத்தைப் பார்த்து உட்கார்ந்தேன். அத்தை பின்னால் நின்று அட்டியலைச் சுற்றினார்கள்.

டிக்கென்று ஒரு சத்தம்.

அத்தையின் கை நின்றுவிட்டது. "பிள்ளே, மூச்சைப் பிடிச்சியா?"

"இல்ல அத்தே."

"மாட்டிக்கிட்டு."

"என்னது?"

"கொக்கி மாட்டிக்கிட்டு பிள்ளே! நூலு எனக்க கையில இருக்கு!"

அத்தை போட்ட சத்தத்துக்கு என் சத்தம் ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரர் பாதிச் சவரத்தோடு ஓடி வந்தார். அத்தை, "ராத்திரியோட ராத்திரியா முருகன் எறங்கி வந்திட்டான்!" என்று தரையில் விழுந்து கும்பிட்டார்கள். நானும் விழுந்தேன். அவர் மட்டும் நின்றார். என் பின்னால் வந்து கொக்கியை விரலால் அசைத்துப் பார்த்தார். இறுக்கமே இல்லாமல் ஆடியது.

"நேத்தைக்கு வெள்ளிக்கிழமை கயிறு ரெண்டரை நெல்லு எட்டல்லியே" என்று முணுமுணுத்தார். "ஆவணியில ரெண்டு நெல்லு எட்டாத பொன்னு இன்னைக்கு எட்டுது. பொன்னு நீளாது. அப்ப..."

ஒரு பக்கக் கன்னத்தில் சோப்பு நுரையோடு இறவாணத்தில் கை விட்டுத் துழாவினார். தூசி கொட்டியது. கடைசியில் அந்த ஓலை நறுக்கு கையில் வந்தது. படத்தின் முன்னிருந்த கயிற்றை எடுத்து, இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டினார். ஒரு முனையைச் சேர்த்துப் பிடித்தார். மறுமுனையில் ஓலை நீண்டு கிடந்தது. கயிறு முன்னமே முடிந்துபோய்விட்டது.

"அஞ்சு நெல்லு!" என்றார். உடனே அப்படியே தரையில் உட்கார்ந்து, நுரை வழிய வழியச் சிரிக்கத் தொடங்கினார். "அம்மா! பெருத்தது இவ கழுத்து இல்ல. சுருங்கினது உங்க கயிறு! வெள்ளிக்கு வெள்ளி நனைச்சீங்களே! புது வேட்டியை நனைச்சா ரெண்டு விரல் போகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

அத்தை எழுந்து உட்கார்ந்தார்கள். கயிற்றைப் பார்த்தார்கள், ஓலையைப் பார்த்தார்கள். "வேட்டியை நான் சாமி முன்னால வைக்கல்லியே!" என்றார்கள் கோபமாக. "சாமி முன்னால வச்ச கயிறு பொய் சொல்லும்னு யாருலே நெனைச்சா?"

"கயிறு நெசம் சொல்லல்ல. சாமிதான் அட்டியலை வச்சுச் சொல்லிட்டாரே" என்றேன் நான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மருந்து முதல் மாதத்திலிருந்தே தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. கழுத்து நெல் நெல்லாக வற்ற வற்ற, கயிறு அதைவிட வேகமாக வற்றியிருக்கிறது. நாங்கள் மூன்று பேரும் வெள்ளிக்கு வெள்ளி கூடியிருந்து அதற்காகக் கவலைப்பட்டிருக்கிறோம்.

பேசிய வண்டி வந்தது. ஆசுபத்திரிக்குப் போனோம். ஆனால் மூட்டை முடிச்சு எதுவும் ஏற்றவில்லை. டாக்டர் எழுத்து எழுதப் பேனாவைத் தொட்டபோது, என் வீட்டுக்காரர் ஓலையையும் கயிற்றையும் மேஜை மேல் வைத்து, கச்சேரியில் வழக்குச் சொல்லுகிற மாதிரி முதலிலிருந்து சொன்னார். டாக்டர் தன் நாடாவை எடுத்து, "அம்மை அனுவதித்தால்" என்று அத்தையைப் பார்த்தார். அத்தை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "அளந்துக்கோங்க, அளந்துக்கோங்க" என்றார்கள். அவர் அளந்தார். முதல் நாள் எழுதிவைத்த சீட்டைப் பார்த்தார். தண்ணீர் குடிக்கச் சொல்லித் தொண்டையைப் பார்த்தார்.

"குறைஞ்சிருக்கு. நல்லவண்ணம் குறைஞ்சிருக்கு. கத்தி வேண்டா. திருவனந்தபுரமும் வேண்டா. மருந்து நான் சொல்லுகிற அளவுக்குத் தொடரட்டும். ஆறு மாதம் கழிச்சு வரணும்." பிறகு கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்து, "இதை எனக்குத் தருமோ? அளவு எழுதாமல் வருகிறவர்களுக்குக் காட்டலாம்" என்றார்.

அத்தை வெடுக்கென்று பிடுங்கி மடியில் முடிந்துகொண்டார்கள்.

அதற்குள் என் வீட்டுக்காரர் வண்டியைத் தேடிப் போயிருந்தார். வண்டிக்காரன் மாட்டை நெய்யாற்றங்கரைக்கு இறக்கியிருந்தான். அவர் அங்கே கரையில் மாட்டுக்குப் பக்கத்தில் நிற்பது எனக்கு மேட்டிலிருந்து தெரிந்தது. சந்தைக் கூட்டம் நடுவில். அத்தை, "ஆளை விட்டுக் கூப்பிடுவோம்" என்றார்கள். எனக்கு ஆள் எதற்கு?

"இஞ்ச பாருங்க! வண்டியைக் கொண்டு வாங்க! வீட்டுக்குப் போவோம்!"

ஆற்றங்கரையில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். சந்தை திரும்பியது. ஒரு மாடு மிரண்டது. ஆசுபத்திரி ஜன்னலில் டாக்டரின் தலை தெரிந்தது. கரையில் நின்ற என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார்.

திரும்பி வரும்போது வண்டியில் நேர்ச்சை வழக்கு நடந்தது. "கழுத்து முன்னமே கொறைஞ்சாச்சு. நேந்தது அதுக்குப் பொறவாக்கும். அப்ப அட்டியல் குடுக்க வேண்டாம்லா?" என்று என் வீட்டுக்காரர் அத்தையைச் சீண்டினார். அத்தைக்கே கொஞ்சம் சபலம். "நான் சொல்லி முடிச்சதுக்குப் பொறவுதானே கொக்கி மாட்டிச்சு?" என்று என்னைக் கேட்டார்கள். அட்டியலை விட எனக்கும் மனசு இல்லைதான். அம்மா வீட்டுப் பொன். ஆனால் சத்தம் போகாமல் காப்பாற்றினால் என்று அத்தை கேட்டார்கள், சத்தம் போகவில்லை. முருகனிடம் முன்னே பின்னே என்று வக்கீல் பேசலாமா? "கொடுத்திருவோம் அத்தே" என்றேன்.

முழை முழுக்கப் போய்விடவில்லை. ஒரு சின்ன நெல்லிக்காய் அளவில் நின்றுகொண்டது. இத்தனை வயதான பிறகும் விரல் வைத்தால் இருக்கிறது. டாக்டர்கள் மாறி மாறிப் பார்த்தார்கள். இருந்துவிட்டுப் போகட்டும், வளர்ந்தால் மட்டும் வா என்றார்கள். இனிமேல் அந்தக் கடல் மருந்தை உப்பிலேயே கலந்து விற்கப் போகிறார்களாம். அத்தை இருந்திருந்தால் அது சைவமா என்று முதலில் கேட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் அதன்பிறகு யாருக்கு எந்த அளவு எடுத்தாலும் ஓலையில் எடுத்தோம். கயிறு அத்தையின் பூசைப்பெட்டியிலேயே கிடந்தது. பொய் சொன்னாலும் சாமி முன் இருந்த கயிறல்லவா, எறிய அவர்களுக்கு மனசு வரவில்லை.

தை மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை குமாரகோவில் போனோம். படியேறி, சன்னதியில் நின்று, அட்டியலைக் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தேன். கழுத்து லேசாக இருந்தது. உடனே அங்கேயே நின்று பாட ஆரம்பித்தேன். தெரிந்த பாட்டு எல்லாம் பாடினேன். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு குழந்தை அழுதது. அத்தை என் கையைக் கிள்ளினார்கள்.

"மெதுவா பிள்ளே. முருகனுக்குக் காது நல்லா கேக்கும்."

"கேக்கும்னு எனக்குத் தெரியாதா அத்தே?" என்று சொல்லிவிட்டு, அடுத்த பாட்டை இன்னும் கொஞ்சம் ஏற்றி எடுத்தேன்.